கட்டம் சேரவில்லை

ஜனவரி 20, திங்கள்

நூல் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி பீரோமேல் சும்மா கிடந்தது. தாள் நல்ல தாள். வீணாக்க மனசில்லாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாளைக்கோ.

இன்று புது ஆர்டருக்கான படம் வந்தது. குயில்ட். உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வைதான், வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் பிடிக்கும். நடுவில் வெள்ளைப் பூத்துணிச் சதுரங்கள். சதுரத்துக்கும் சதுரத்துக்கும் இடையில் வரும் பட்டி கட்டத்துணி. சுற்றிலும் பார்டர் கட்டத்துணி. கடைசியில் விளிம்பைப் பிடிக்கிற ஓரப்பட்டியும் அதே கட்டத்துணி. யாரோ புண்ணியவான் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

பூத்துணி ஒரு நூல் இறங்கினாலும் ஏறினாலும் யாருக்கும் தெரியாது. கட்டத்துணி அப்படியில்லை, தப்பை ஊருக்கே சொல்லிவிடும். அதிலும் இது ஒருபக்கக் கட்டம். சிவப்பு, நீலம், கடுகு மஞ்சள் என்று வரிசை போகிறது. திருப்பி வைத்தால் வரிசை மாறிப்போகும். மூலையில் நான்கு பட்டியும் சேரும்போது சிவப்புக்குச் சிவப்பு வந்து நிற்க வேண்டும். ஓரப்பட்டியில் ஒரே நீலக்கோடு போர்வையைச் சுற்றி அறுந்துபோகாமல் ஓட வேண்டும்.

மேனேஜர் சிதம்பரநாதன் சொன்னார்: "அக்கா, இந்த சேம்பிள் பாஸாச்சுன்னா இந்த வருசம் பூரா இவங்க ஆர்டர் நமக்குத்தான். போச்சுன்னா சேம்பிள் செக்சனே எதுக்குன்னு மொதலாளி கேப்பாரு."

"போகாது" என்றேன். கரூரில் கட்டம் சேர்ப்பதற்கு என்னை விட்டால் ஆள் யார்? தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

துணி வந்தது. மேஜையில் விரித்தேன். நான் கோடு பார்ப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். மேஜை முனையில் குனிந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் நீளத்துக்கும் ஒரு பார்வை. ஆசாரி பலகையைப் பார்ப்பது போல.

நீலக்கோடு நடுவில் வளைந்திருந்தது.

திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். கட்டிங் செல்லமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க்கா" என்றான்.

ஜனவரி 29, புதன்

தறிக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். நூல் எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்த்தார், ஸ்கேல் வைத்துப் பார்த்தார், "ஏனுங்க அம்மிணி, இதுல எங்கீங்க வளைவு?" என்று என்னையே கேட்டார். காட்டினேன். "அங்கயா? எனக்குத் தெரியலீங்களே" என்றார். அவருக்குத் தெரியாது, விற்க வந்தவருக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் வேறு பீஸ் தருவதாகச் சொல்லிப் போனார்.

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

புதுப் பீஸிலும் அதே கதை. ஆனால் வளைவு வேறு வேறு இடத்தில். பார்க்கிற இடம் வளைகிறது, பார்க்காத இடம் நேராகக் கிடக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் அதுவும் வளைகிறது. இப்படியொரு துணியை என் சர்வீஸில் கண்டதில்லை. கஞ்சி போட்டு இழுப்பதில் கோளாறாக இருக்கும். நாள் இல்லாததால் இதையே வைத்துச் செய்யச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

இந்த டைரியின் கோடும் நேராக இல்லை. மேலட்டை மட்டும் பளபளப்பு. ஓசியில் கொடுப்பதுதானே என்று மட்டமாக அச்சடித்திருக்கிறான்.

பிப்ரவரி 7, வெள்ளி

செல்லமுத்துவோடு சண்டை.

இடைப்பட்டிகளை வெட்டி அடுக்கி வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடச் சரியில்லை. நடுவில் கோணல்.

"ஸ்கேல வெச்சுப் பாருங்க்கா" என்றான்.

"கட்டத்துக்கு எதுக்குடா ஸ்கேலு? கோடுதான் ஸ்கேலு. இத்தன வருசம் எங்கூட வேல செஞ்சு இதுகூடத் தெரியலையா?"

"கோட்டோடதாங்க்கா வெட்டியிருக்கறேன். கலாமணிகிட்ட வேண்ணாக் கேளுங்க."

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த கலாமணி தலையைத் தூக்கவே இல்லை. நூல் கோக்கிறாளாம். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

"நீ வெட்டுனது கோணல். நான் சொன்னாச் சொன்னதுதான்" என்றேன். "இல்லீங்க்கா, இது நேரா இருக்குது" என்றான். எல்லார் முன்னாலும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேனேஜரிடம் போய், இவனை வைத்துக்கொண்டு இந்த சேம்பிள் செய்ய முடியாது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் செல்லமுத்துவை பேக்கிங்குக்கு மாற்றினார்.

போகும்போது கத்தரியை எண்ணெய் போட்டுத் துடைத்து, உறைக்குள் வைத்து, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஒன்றும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். எனக்குக் கோடு முக்கியம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வீட்டுக்காரர் பழனிக்குப் போகலாம் என்றார். கூட்டத்தில் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன், பாதி மேஜையில். "ஏம்புள்ள, டம்ளருக்கு வெளிய குடிக்கறதுக்கு ஆளு இருக்குதா?" என்று கிண்டல். இந்த மனுசனுக்கு எல்லாம் சிரிப்பு. இரும்புக் கடையில் நாள் முழுக்கக் கம்பி எண்ணுகிறவருக்கு வீட்டில் வந்தால் வேறு வேலை இல்லை.

டம்ளர் மாற்ற வேண்டும். விளிம்பு சரியாகத் தெரிகிற மாதிரி எவர்சில்வரில்.

பிப்ரவரி 14, வெள்ளி

நானே வெட்டினேன். கோடு வளைந்த இடத்திலெல்லாம் பட்டியை இழுத்து, நேராக்கி, ஊசி குத்திக் கொடுத்தேன். கலாமணி தைத்தாள். அவள் தைக்கும் முன் ஒவ்வொரு பட்டியையும் இரண்டு தரம் பார்த்தாள். "என்ன பாக்கற?" என்றேன். "அப்படியே தெச்சுடலாமுங்களா?" என்றாள். "பின்ன, பூசை போட்டுட்டா தெப்ப?"

ஓரப்பட்டி வரும்போது மெதுவாக ஒரு யோசனை சொன்னாள். "அக்கா, இத மட்டும் குறுக்கா வெட்டிக் கட்டிரலாமுங்களா? கட்டம் சாஞ்சு வந்துரும். கோடே தெரியாது. அழகாவும் இருக்கும்."

குறுக்குப் பட்டி தப்பை மறைக்கிறவர்கள் வைப்பது. கட்டம் சேர்க்கத் தெரியாதவர்களுக்கு அது ஒரு வழி. எனக்கு எதற்கு? நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் சேம்பிள் கூரியரில் போனது. அழகாகவே இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

துணி துவைத்தேன். கத்திரிக்காய்க் குழம்பு. வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

சேம்பிள் ஃபெயில்.

போர்வை வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கோடு ஆற்றில் தண்ணீர் போவது போலப் போகிறது என்று எழுதியிருக்கிறார்களாம். மேனேஜர் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. செல்போன் போட்டோவில் எது நேராகத் தெரியும்?

"பையருங்க அப்படித்தானுங்க்கா, ஏதாச்சும் சொல்லுவாங்க" என்றார். "இன்னொரு தரம் கேட்டிருக்காங்க. கடைசித் தரம்." அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துப் பேசினார்.

கலாமணி மெஷினின் பல் தேய்ந்திருக்கும், துணியை இழுத்திருக்கும். மெக்கானிக்கை வரச்சொன்னேன். வந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று போய்விட்டான்.

பிப்ரவரி 27, வியாழன்

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். மத்தியானம் நான் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் கோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தேய்த்த தடம். யாரோ என் கோட்டை அழித்துவிட்டு வேறு போட்டிருக்கிறார்கள்.

"யாரு இது?" என்று கத்தினேன். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு தைத்தார்கள். மெஷின் சத்தம் மட்டும். கலாமணியின் விரலில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எத்தன நாளா இத செஞ்சுட்டிருக்கற?"

அழ ஆரம்பித்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க்கா. மத்த ஆர்டருக்கெல்லாம் தீவாளியில இருந்தே செஞ்சுட்டுத்தான் இருக்கறேன். இதுல மட்டும் நீங்க பக்கத்துலயே நின்னுட்டீங்க, எனக்குச் செய்ய முடியல."

அவளை மெஷினுக்கு அனுப்பிவிட்டேன். என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். என்ன வேலை செய்தேன் என்று ஞாபகமில்லை.

மார்ச் 1, சனி

எல்லாரும் போனபிறகு கட்டத்துணியை எடுத்து வைத்துக்கொண்டேன். கட்டத்துணியில் கோடு என்பது அச்சடித்ததில்லை. சாயம் போட்ட நூல்தான் கோடு. நீலக்கோட்டில் ஒரு நூலை ஊசியால் நெம்பி, சுருக்கம் விழ விழ மெதுவாக உருவினேன். முழுசாக வந்தது. இரண்டு முனையையும் விரலில் சுற்றி, ஜன்னல் பக்கம் பிடித்து, விறைப்பாக இழுத்தேன். இடது கண்ணை மூடிப் பார்த்தேன்.

இழுத்துப் பிடித்த நூலில் வளைவு இருக்க வழியே இல்லை.

இருந்தது.

இன்னும் இழுத்தேன். நூல் அறுந்துவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

வலது கண்ணை மூடினால் கதவு நிலை நேர். இடது கண்ணை மூடினால் நிலையின் நடுவில் இடுப்பு ஒடிந்திருக்கிறது. வீட்டுக்காரர் முகத்தையும் அப்படியே பார்த்தேன். மூக்கு இருக்கிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

"என்ன புள்ள, கண்ணடிக்கற? இந்த வயசுல?" என்றார்.

தலைக்குக் குளித்தேன். மாத்திரை வாங்கினேன்.

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாவது சேம்பிள் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது லீவு போட்டால் ஊர் என்ன பேசும்? இடது கண் நன்றாகத்தானே இருக்கிறது.

இடது கண்ணால் கோடு பார்க்கப் பழகுகிறேன். தலை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்றே தெரியவில்லை. கழுத்து வலிக்கிறது.

மார்ச் 6, வியாழன்

நகத்தால் கோட்டைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கோடும் துணியோடு சேர்ந்த நூல்தானே, அது எப்படித் தட்டுப்படும்? மடத்தனம்.

பட்டி ஒன்றைத் தப்பாக வெட்டிவிட்டேன். துணி இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது. இதை இங்கே எழுதலாம், கேட்பதற்கு ஆளில்லை. வேலை போனால் வேறு வேலை பார்க்கலாம், வீட்டில் உட்கார்ந்து தலையணை உறை தைக்கலாம். அந்த இன்னொரு கண்ணும் இப்படி ஆனால் என்ன செய்வேன்?

மார்ச் 7, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து, என் முகத்துக்கு நேராக விரலைக் காட்டி, "இது தெரியுதா? இது தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "தண்ணி சிந்தினப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கோணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. பெரிய கூட்டம். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண் கூசியது. வீட்டுக்காரர் பன் வாங்கி வந்து, சர்க்கரை என்று ஞாபகம் வந்து, அவரே தின்றார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கையில் ஒரு அட்டை கொடுத்தாள். வெள்ளை அட்டையில் கறுப்புக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கேயும் கட்டம்.

"இடது கண்ண மூடிக்கிட்டு, புள்ளிய மட்டும் பாருங்கம்மா. கோடெல்லாம் எப்படித் தெரியுது?"

பார்த்தேன். துணிக்குச் சொல்வது போலவே சொன்னேன். "புள்ளிக்கு வலப்பக்கம் ரெண்டு கோடு உள்ள இழுத்திருக்குதுங்க. மேல ஒரு கோடு தொங்கிப் போச்சு. கீழ நாலஞ்சு கட்டம் சேரவே இல்ல. அதுக்கும் பக்கத்துல கட்டமே காணமுங்க."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லம்மா."

"கட்டந்தானுங்க எனக்குத் தொழிலே."

"அப்போ உங்களுக்குத்தானே எல்லாருக்கும் முன்னாடி தெரிஞ்சிருக்கும்? ஏம்மா இவ்வளவு நாள் வரல?"

"துணி சரியில்லைன்னு நெனச்சனுங்க" என்றேன்.

அவள் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரையால் கண்ணின் உள்ளே நீர் கோத்திருக்கிறதாம். வலது கண்ணில் நடுப்பார்வை கொஞ்சம் போய்விட்டது. போனது முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, ஊசி போட்டால் மேலும் போகாமல் நிறுத்தலாம். இடது கண்ணிலும் ஆரம்பம் இருக்கிறது. அது தப்பிவிடும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, சொன்ன தேதிக்கெல்லாம் வந்தால்.

"தீபாவளி சமயத்துலயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். கலாமணி என் கோட்டை அழிக்க ஆரம்பித்த சமயம்.

மார்ச் 13, வியாழன்

கண்ணில் ஊசி. வலிக்கும் என்று நினைத்தேன், வலிக்கவில்லை. கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ மிதந்தது. நாளாக நாளாகச் சரியாகிவிடுமாம்.

மார்ச் 14, வெள்ளி

படுத்திருந்தேன். வீட்டுக்காரர் ரசம் வைத்தார். உப்பில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போனேன். நேராக மேனேஜர் ரூமுக்குப் போய், உட்காராமலே சொன்னேன். துணி சரியாகத்தான் இருந்தது, செல்லமுத்து வெட்டியதும் சரி, என் கண்தான் கெட்டுப்போயிருக்கிறது, கோடு பார்க்கிற வேலை இனி எனக்கு வேண்டாம். அவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்திருந்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "தெரியுமுங்க்கா" என்றார்.

"தெரியுமா?"

"எல்லாத்துக்கும் தெரியும். உங்ககிட்ட யாரு வந்து சொல்றது? செல்லமுத்து ஒருத்தன்தான் சொன்னான். அவனைத்தான் பேக்கிங்குக்கு அனுப்பிட்டமே."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். இத்தனை வருடம் எல்லாரும் என் சொல்லுக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது சேம்பிளுக்கு இந்த வாரம் வரைதான் நேரம். துணி ஒரு போர்வைக்குத்தான் காணும். இன்னொரு தரம் வெட்டுவதற்கு இல்லை.

"அவனக் கூப்புட்டுப் பாத்தேன், வரமாட்டேங்கறான்" என்றார் மேனேஜர். "பேக்கிங்லயே நிம்மதியா இருக்கறேங்கறான். நீங்க வேண்ணாக் கேட்டுப் பாருங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டான்."

நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கே கேட்டிருக்கலாம். கால் போகவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன். செல்லமுத்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். திட்டும்போது எல்லார் முன்னாலும்தானே திட்டினேன்.

"செல்லமுத்து."

"சொல்லுங்க்கா." டேப்பை நிறுத்தவில்லை.

"நீ வெட்டுன பட்டி நேராத்தான் இருந்துது. எங்கண்ணுதான் கோணல். ஆஸ்பத்திரில காட்டியாச்சு, ஊசியும் போட்டாச்சு. நான் உன்னப் பேசினது தப்பு. உன்ன இங்க மாத்துனது அதவிடத் தப்பு. வந்து நீயே வெட்டிக் குடு."

டேப் நின்றது. அவன் திட்டட்டும் என்றே காத்திருந்தேன். திட்டினால் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்தக் கண்ணுங்க்கா?" என்றான்.

"வலது."

அவன் என் வலப்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தான். டேப்பைக் கீழே வைத்தான். பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, இடப்பக்கம் நின்றான்.

"இப்பத் தெரியறனுங்களா?"

இந்த நோய்க்கு எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான், நடுவில்தான் தெரியாது. அதை அவனுக்கு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

"தெரியற" என்றேன். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.